நெஞ்சு படபடக்கிறதா? காலைத் தரையில் ஊன்றுங்கள்

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஓர் ஐப்பசி ராத்திரி. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், ரெக்சின் கிழிந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஈசிஜி எடுக்கத் தடவிய பசை நெஞ்சில் இன்னும் பிசுபிசுத்தது. “ஹார்ட்ல ஒண்ணுமில்ல சார். ரத்தப் பரிசோதனையும் நார்மல்” என்று சொல்லிவிட்டு டூட்டி டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது காதில் விழுந்தது. உடம்புக்குத்தான் எட்டவில்லை. இடது கை மரத்துப்போயிருந்தது. உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. தொடை இரண்டும் தன்னால் ஆடின. விடிவதற்குள் செத்துவிடுவேன் என்றே நம்பினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. முடிவு வர இன்னும் நான்கு நாள். பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரி விளக்கை அணைத்ததும் ‘ஒருவேளை’ என்று ஒரு சொல் முளைக்கும். ஒருவேளை அதுவாகவே இருந்தால்? ஒருவேளை பரவியிருந்தால்? பையன் பத்தாவது படிக்கிறானே, அவனிடம் யார் சொல்வது? ஒன்றுக்குப் பதில் தேடி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அன்றைக்கு அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

அங்கே பணியில் இருந்த செவிலியர் ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயது, ஓர் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்தார். குடிக்கப் போனேன். தடுத்தார்.

“குடிக்க வேணாம்ணே. சும்மா ரெண்டு கையாலயும் பிடிங்க. எங்க சுடுது? உள்ளங்கையிலயா, விரல் நுனியிலயா?”

பதில் சொல்ல வேண்டுமானால் கவனித்துப் பார்க்க வேண்டும். பார்த்தேன். விரல் நுனியில்தான் அதிகமாகச் சுட்டது. கட்டை விரலில் கொஞ்சம் குறைவு.

“மேல ஃபேன் ஓடுதே, சத்தம் கேக்குதா? விட்டு விட்டு ஒரு கட கட சத்தம் வருது பாருங்க. இப்ப... இப்ப. அடுத்தது எப்ப வருதுன்னு நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். முதல் தடவை தப்பாகச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

“செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தரையில வைங்க. சில்லுனு இருக்கா?”

மொசைக் தரை. பினாயில் போட்டுத் துடைத்து அரை மணிகூட ஆகியிருக்காது. குதிகாலில் அந்தக் குளிர்ச்சி ஏறியது. ஐந்து நிமிஷமோ ஏழு நிமிஷமோ இப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். ‘பயப்படாதீங்க’ என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. தொடை ஆடுவது நின்றிருந்ததை, நின்ற பிறகுதான் கவனித்தேன்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் அந்த ராத்திரி எனக்கு அது தெரியாது. என் கவலைக்கான காரணம் ஒரு துளியும் மாறியிருக்கவில்லை. மாறியது என் உடம்பு மட்டும்தான். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தது.

வயிற்றில் கரைகிற புளி

பயத்தைச் சொல்ல நம்மிடம் இருக்கும் பேச்சை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஈரக்குலை நடுங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. தொண்டை அடைக்கிறது. கை கால் உதறுகிறது. கண்ணைக் கட்டுகிறது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இத்தனையும் உடம்பு. ‘என் மனத்தில் எதிர்மறை எண்ணங்கள் எழுகின்றன’ என்று எந்தக் கிராமத்துப் பாட்டியும் சொன்னதில்லை. அச்சம் உடம்பில் நடக்கிற சங்கதி என்பது நம் மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

தொல்காப்பியம் இதற்கு ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளை அது வகுக்கிறது. அவற்றுக்கு அது வைத்த பொதுப்பெயர் மெய்ப்பாடு. உள்ளே எழுவது மெய்யில், அதாவது உடம்பில், படுவதால் மெய்ப்பாடு. உடம்புக்கும் உண்மைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை அந்த இயலைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மேற்கே இந்த விஷயம் சோதனைக்கூடத்துக்குப் போனது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் ஒரு கட்டுரை எழுதினார். பயந்ததால் உடம்பு நடுங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், உடம்பில் நேரும் மாற்றத்தை உணர்வதுதான் பயமே என்றார் அவர். இன்றுவரை அந்தக் கருத்து விவாதத்தில் இருக்கிறது. முழுக்கச் சரியென்று யாரும் ஏற்கவில்லை. தள்ளிவிடவும் முடியவில்லை.

அவருக்குப் பின் வந்த வால்ட்டர் கேனன் கதை இன்னும் சுவையானது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்-ரே கதிர்களைக் கொண்டு, சாப்பிட்ட பூனையின் வயிறு எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அலை அலையாக அசைந்துகொண்டிருக்கும் இரைப்பை, பூனை மிரண்டதும் அப்படியே நின்றுவிடும். பூனை சாந்தமானால் மறுபடி அசையத் தொடங்கும். அங்கிருந்து பல வருஷம் ஆராய்ந்து 1915-இல் ஒரு புத்தகம் போட்டார். ஆபத்து வந்தால் எதிர்த்து நில், இல்லையேல் ஓடு என்று உடம்பு தயாராகிறது என்ற விளக்கம் அவருடையது. அட்ரினலின் ரத்தத்தில் பாய்கிறது. இதயம் வேகம் எடுக்கிறது. செரிமானத்துக்குப் போக வேண்டிய ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிற்றில் புளியைக் கரைப்பது ஏன் என்று புரிகிறதா?

என் இடது கை மரத்ததற்கும் காரணம் உண்டு. பதற்றத்தில் நாம் அறியாமலே வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, தலைச்சுற்றல். அதைப் பார்த்து ‘இது ஹார்ட் அட்டாக்’ என்று மனம் முடிவு கட்டுகிறது. அந்த முடிவைக் கேட்டு உடம்பு இன்னும் மிரள்கிறது. ஒன்றுக்கு ஒன்று தீனி போட்டு வளர்க்கிற வட்டம் இது.

ஆபத்துக்கு உடம்பு தயாராகும் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாம்பை மிதிக்கப் போகிற கால், பாம்பென்று புத்தி சொல்வதற்கு முன்பே பின்னால் போவது இதனால்தான். மூளைக்குள் பாதாம் பருப்பளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி இந்த எச்சரிக்கையில் முக்கியப் பங்கு வகிக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இன்னும் வராத பயாப்ஸி முடிவுக்கும் இதே மணிதான் அடிக்கிறது. பாம்பாக இருந்தால் ஓடலாம். நான்கு நாள் கழித்து வரப்போகும் ஒரு காகிதத்தை விட்டு எங்கே ஓடுவது?

குரங்கை நினைக்காமல் மருந்து குடி

‘அதையே நினைச்சுட்டு இருக்காதே’ என்று நல்ல மனத்தோடுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாத ஆள் உண்டா? குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடிக்கச் சொன்ன வைத்தியர் கதை நமக்குத் தெரியும். அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் ஏறக்குறைய இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். அவர் வைத்தது குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு விடவில்லை. அப்புறம் ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

ஆக, தள்ளினால் போகாது. வாதாடினால்? அதையும் நான் செய்துபார்த்திருக்கிறேன். ‘கட்டி வருகிற எல்லோருக்கும் புற்றா வருகிறது?’ என்று எனக்கு நானே சொல்வேன். ‘வருகிறவர்களும் இருக்கிறார்களே’ என்று உள்ளிருந்து பதில் வரும். கவலை என்பது பெரும்பாலும் சொற்களால் ஆனது, மனத்துக்குள் ஓடுகிற பேச்சு என்பதைத் தாமஸ் போர்கோவெக் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பேச்சோடு பேசினால் பேச்சு வளரும். பேச்சே இல்லாத ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும். அப்படி ஓர் இடம் நம்மிடம் இருக்கிறது. சூடு, குளிர்ச்சி, சொரசொரப்பு, புளிப்பு, மல்லிகை வாசம், ஃபேன் சத்தம். இவற்றில் ஒன்றுக்கும் நாளை கிடையாது. நாளைக்குச் சுடப்போகும் டம்ளரை இன்றைக்குத் தொட முடியாது.

2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது குறுக்கிட்டு, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதிலேயே இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதத்தில் மனம் செய்கிற வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ அலைந்த நேரங்களில் அவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. பாத்திரம் துலக்குவதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பதோ, அந்த வேலை எதுவென்பதைவிட, மனம் அதில் இருந்ததா என்பதே அதிகம் சொன்னது.

இதற்கு மூன்று வருஷம் முன்பு, 2007-இல், டொரன்டோவில் நார்மன் ஃபார்பும் அவர் குழுவினரும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ‘நான் இப்படிப்பட்டவன், எனக்கு இப்படி நேர்ந்தது’ என்று தன்னைப் பற்றிக் கதை சொல்லும்போது ஒரு வலைப்பின்னல் வேலை செய்கிறது. இந்தக் கணத்தில் உடம்பில் என்ன உணர்கிறோம் என்று கவனிக்கும்போது வேறொன்று. பயிற்சி இல்லாதவர்களுக்கு இரண்டும் பின்னிக்கொண்டே கிடக்கின்றன. எட்டு வாரம் கவனப் பயிற்சி எடுத்தவர்களால் இரண்டையும் பிரிக்க முடிந்தது. கதையிலிருந்து புலனுக்கு இறங்குவது பழகப் பழக வருகிற கைவேலை என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

தொடுவதில் தொடங்குங்கள்

உயிர்களைத் தொல்காப்பியம் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. அந்த அடுக்கில் முதல் அறிவு தொடு உணர்வு. கண்ணும் காதும் அப்புறம்தான். மன அறிவு கடைசியில், ஆறாவதாக. பதற்றத்தில் ஆறாவது அறிவு தறிகெட்டு ஓடுகிறபோது, முதல் அறிவுக்குத் திரும்புவது எத்தனை பொருத்தம்!

உலக சுகாதார நிறுவனமும் அங்கேதான் தொடங்குகிறது. போர், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களில் களப்பணியாளர்களுக்கென 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில், நிலைகுலைந்து நிற்கும் ஒருவரை எப்படி அமைதிப்படுத்துவது என்று சொல்லியிருக்கிறார்கள். காலைத் தரையில் வைத்து அதை உணரச் சொல்லுங்கள். விரல்களால் மடியைத் தட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் மனத்தைத் தொந்தரவு செய்யாத பொருள்கள் எவை, என்ன பார்க்கிறார், என்ன கேட்கிறார் என்று சொல்லச் சொல்லுங்கள். மூச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். இவ்வளவுதான். மதுரையில் அந்த ராத்திரி செவிலியர் செய்தது கிட்டத்தட்ட இதையேதான்.

மனநல ஆலோசகர்கள் இதையே ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கையாகவும் சொல்லித்தருகிறார்கள். கண்ணில் படுகிற ஐந்து, தொட்டு உணர்கிற நான்கு, காதில் விழுகிற மூன்று, நுகர்கிற இரண்டு, நாக்கில் இருக்கிற ஒரு சுவை. எண்ணிக்கை ஒரு கைப்பிடி, அவ்வளவே. மூன்றாவதிலேயே நெஞ்சு தணிந்தால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். பொருளின் பெயரோடு நிறுத்தாதீர்கள். ‘நாற்காலி, ஜன்னல், காலண்டர்’ என்று பட்டியல் போட்டால் அதுவும் வெறும் பேச்சாகிவிடும். காலண்டரின் கிழித்த விளிம்பில் ஒட்டியிருக்கும் காகிதத் துணுக்கு எந்த வடிவத்தில் இருக்கிறது? ஜன்னல் கம்பியில் எந்தக் கம்பிக்குப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது? அந்த அளவுக்கு நெருங்கிப் பாருங்கள்.

எங்கள் அம்மா மனசு சரியில்லை என்றால் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிடுவார். தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் முழுக்க வீட்டில் முருங்கைக்கீரைதான். முறத்தில் கிளையைப் போட்டுக்கொண்டு, காம்பை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இலை உதிரும் சின்னச் சத்தம். விரல் நுனியில் பச்சை வாசம். பழுத்த இலையை ஒதுக்கக் கண் கூடவே வேலை செய்ய வேண்டும். நடுவில் பூ வந்தால் தனியே வைப்பார். கை, காது, மூக்கு, கண் நான்கும் ஒரே முறத்தில் கூடியிருந்தன. யாரும் அவருக்கு உளவியல் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘சும்மா உக்காந்தா நெனப்பு தின்னுரும்’ என்பார். பூக்கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது எல்லாம் இந்த வகைதான். பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களுக்கு ஓய்வே தராத வேலைகளும் இவைதான். ஆனால் நான்கு புலனையும் ஒருங்கே அழைக்கிற வேலைகள் நம் கையை விட்டுப் போய், ஒரு விரலால் கண்ணாடித் திரையைத் தள்ளுகிற வேலை வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் திரையைத் தொட்டால் எல்லாமே ஒரே வழவழப்பு. மனைவியின் நோய் பற்றி நடுராத்திரியில் அதில் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பதற்றத்துக்கு எண்ணெய்தான் ஊற்றியது.

வாசனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற சந்திப்பில் நின்றுதான் மேல் மூளைக்குப் போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியும் நினைவும் தங்கியிருக்கும் பகுதிகளுக்கு நேராகப் போகிறது. கற்பூரம், விபூதி, எலுமிச்சை இலை, பெருங்காயம் தாளிக்கும் மணம் இவை சட்டென நம்மை ஓர் இடத்தில் நிறுத்துவதற்கு அது ஒரு காரணம். பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் கைக்குட்டையில் அதற்குப் பழகிய ஒரு வாசனையைத் துளி வைத்து அனுப்பலாம். செலவே இல்லை.

பயந்த பிள்ளையை ‘போய் மூஞ்சியக் கழுவிட்டு வா’ என்று பெரியவர்கள் அனுப்புவதற்கும் உடற்கூறில் இடம் இருக்கிறது. முகத்தில், முக்கியமாகக் கண்ணையும் மூக்கையும் சுற்றிக் குளிர்ந்த நீர் பட்டால், தண்ணீருக்குள் மூழ்கும் உயிரினத்துக்கு நேர்வதுபோல இதயத் துடிப்பு குறைகிறது. மார்ஷா லினஹன் உருவாக்கிய உளச்சிகிச்சை முறையில், உணர்ச்சி கட்டுமீறும் நேரத்துக்கு இதை ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்குவது போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூச்சில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும். இழுக்கும்போது இதயம் சற்று வேகம் எடுக்கும், விடும்போது சற்றுத் தணியும். அதனால் விடுகிற மூச்சை நீளமாக்குங்கள். சுடுகிற காப்பியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விட்டால் தானாக நீளும். ஆழமாக இழுத்து இழுத்து விடு என்று சொல்வதில், ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்குகிறவருக்கு மதமதப்பு கூடிவிடும் ஆபத்து உண்டு.

இவை எல்லாம் வேலை செய்வதற்கு அடியில் ஒரு நரம்பு இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, தொண்டை, இதயம், நுரையீரல், இரைப்பை என்று அலைந்து குடல் வரைக்கும் போகிற வேகஸ் நரம்பு. மூளை உடம்புக்குக் கட்டளை அனுப்புகிற கம்பி என்றுதான் வெகுநாள் நான் நினைத்திருந்தேன். அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எதிர்த்திசையில், உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ‘ஆபத்தில்லை’ என்று மூளை உடம்பிடம் சொல்லிப் பார்த்துத் தோற்கும்போது, உடம்பு மூளையிடம் சொல்ல வழி திறந்தே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் செய்தது

உடம்பின் வழியாகப் பதற்றத்தைத் தணிப்பதைத் தமிழர்கள் பெருந்துயரின் நடுவில் செய்துபார்த்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் அங்கேயே தங்கிச் சிகிச்சை அளித்தவர். போர் அந்த மக்களின் மனத்தில் செய்ததைப் பற்றி 1998-இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஷெல் சத்தம் கேட்டுக் கேட்டு உறக்கம் போனவர்கள், நெஞ்சுப் படபடப்பும் உடல்வலியும் உள்ளவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களுக்கு அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் மூச்சைக் கவனிப்பது, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது, அவரவர் சமயத்தில் பழகிய ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பது ஆகிய சாந்தப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். சைவருக்கு ஒரு சொல், கத்தோலிக்கருக்கு ஒன்று, இஸ்லாமியருக்கு ஒன்று. மக்களின் வழக்கத்தில் ஏற்கெனவே இருந்ததையே மருந்தாக எடுத்துத் தந்தார்கள்.

தசையை இறுக்கித் தளர்த்தும் முறை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் நூலாக வெளியிட்டது. உள்ளங்கையை இறுக மூடி ஐந்து எண்ணிவிட்டுத் திறக்கும்போது, ரத்தம் திரும்பி வரும் அந்த வெதுவெதுப்பைக் கவனிப்பதுதான் அதன் உயிர். பரீட்சை மேசைக்கு அடியில், பஸ் சீட்டில், நேர்காணலுக்குக் காத்திருக்கும் வராந்தாவில், யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

உள்ளே பார்க்கக் கூடாத நேரம்

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியம் என்று கருதுகிறேன். உடம்பைக் கவனியுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சிலருக்குத் தீங்கு செய்யும்.

திடீர்ப் பீதி வருகிறவர்களுக்குப் பிரச்சினையே உடம்பை மிதமிஞ்சிக் கவனிப்பதுதான். ஒரு துடிப்பு தவறினாலும் கவனித்துவிடுகிறார்கள். அவர்களிடம் ‘கண்ணை மூடி இதயத்தைக் கவனி’ என்றால் எரிகிற வீட்டுக்குள் அனுப்பியதாகும். அடிபட்ட, பாலியல் வன்முறைக்கு ஆளான, போரையும் விபத்தையும் பார்த்த உடம்புகளுக்கும் உள்ளே போவது பாதுகாப்பாக இருக்காது. கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வரும். ஆகவே பதற்ற அலை அடிக்கிற நேரத்தில் கண்ணைத் திறந்தே வையுங்கள். வெளியே இருப்பதைத் தொடுங்கள், பாருங்கள், கேளுங்கள். செவிலியர் என் கையில் டம்ளரைத் தந்தார். நெஞ்சைக் கவனிக்கச் சொல்லவில்லை.

உள்ளே கவனிக்கும் பயிற்சி வேறு. அது அமைதியான நாள்களில், மெல்ல மெல்ல, முடிந்தால் ஒருவர் துணையோடு பழக வேண்டியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, உருட்டி, முகர்ந்து, காதருகே வைத்து, கடைசியில் கடித்துச் சுவைப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பிறகுதான் கால் விரலிலிருந்து தலை வரை உடம்பை அங்குலம் அங்குலமாகக் கவனிப்பது. பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த எட்டு வாரப் பயிற்சியின் பலன் எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரையின் பலனுக்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டது. பயிற்சி எடுத்தவர்கள் பயிற்றுநரோடு வாரம் தவறாமல் வகுப்புக்குப் போனார்கள், தினமும் முக்கால் மணி நேரம் வீட்டில் பழகினார்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இதைப் பழகலாம்.

முதல் தடவை நெஞ்சு வலித்தால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மாரடைப்பும், தைராய்டு கோளாறும், ரத்தசோகையும், இதயத் துடிப்பின் சீர்கேடும் இதே முகத்தோடு வரும். அவை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே இந்தப் பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது, கணவன் அடிக்கும்போது, வேலை போனபோது, புலன்களைக் கவனித்தால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காரணங்களுக்கு வேறு தீர்வுகள் வேண்டும். சட்டமும் உறவும் சங்கமும் வேண்டும். கை நடுங்காமல் அந்தக் கதவுகளைத் தட்டுவதற்கு ஐந்து நிமிஷம் கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியால் முடியும். அந்த ஐந்து நிமிஷம் சின்ன விஷயமில்லை. பதற்றத்தின் உச்சியில் எடுத்த முடிவுகளால் எத்தனை வீடுகள் அழுதிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

உலகத்தில் 2019-இல் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மனநோய்களில் மிகப் பரவலானது அதுதான். உங்கள் தெருவிலும் இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வீட்டில் யாருக்காவது அலை அடித்தால், ‘ஒண்ணுமில்ல, பயப்படாதே’ என்று சொல்லவரும் வாயை நிறுத்துங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கையில் சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது கொடுங்கள். எங்கே சுடுகிறது, எங்கே குளிர்கிறது என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், தனியாகச் சமாளிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். இந்த எண்ணை இப்போதே உங்கள் செல்போனில் பதிந்துவையுங்கள்.